பாக்கு நீரிணையைக் கடந்தவர்களும் குறிஞ்சாக்கேணியைக் கடக்காதவர்களும்

எனக்கு நீந்தத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது சீனன்குடாவில். வீட்டு வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் மா ஆலையும் அதற்கு அப்பால் துறைமுகத்து நீரும் தெரியும். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்ததை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படம் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. யன்னலைத் திறந்தால் போதும். அந்த நீரின் கரையில் நாற்பது வருடங்கள் இருந்தும், முழங்காலுக்கு மேல் நனைய நான் இறங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். அண்ணனுக்கு ஏழு வயதில் மாமா நீச்சல் பழக்கினார். அப்போது நான் கரையில் இருந்து அவர்களுடைய சாரத்துக்கும் செருப்புக்கும் காவல் இருந்தேன்.

இதையெல்லாம் கிளறிவிட்டது மகளுடைய பாடசாலை ஒப்படை ஒன்று. ‘இலங்கையின் விளையாட்டுச் சாதனைகள்’ என்பது தலைப்பு. அவள் இணையத்தில் தேடி ஒரு பட்டியல் போட்டிருந்தாள். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் டங்கன் வைற் வென்ற வெள்ளி. 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணம். 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் வென்ற வெண்கலம், பிறகு அது வெள்ளியானது. தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம் என்று கடைசியில் ஒரு வரி. பட்டியலை என்னிடம் காட்டிவிட்டுக் கேட்டாள், “எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம்மா?”

இருக்கிறார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்த நாட்டுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவரே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்தான். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்தார். அதற்கு முன்பே ஹெல்சிங்கி, மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளில் பங்குபற்றியவர். 2024இல் அவர் காலமானபோது எங்கள் பக்கங்களில் அஞ்சலிக் கட்டுரைகள் வந்தன. ஆனால் அதே கிழமை அவருடைய பெயரை முதன்முதலாகக் கேட்ட ஆசிரியர்களையும் நான் சந்தித்தேன். மகள் பெயரை எழுதிக்கொண்டாள். “வேற?” என்றாள்.

வேறு என்றதும் எனக்கு நினைவு வந்தவர்கள் எல்லோரும் நீச்சல்காரர்கள். நீந்தத் தெரியாத ஒருத்தி தன் பிள்ளைக்கு நீச்சல்காரர்களின் கதை சொன்னதில் இருந்த முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்று பேசப்படுபவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. ஆண்டு 1954. வல்வெட்டித்துறைக் கடலில் இறங்கி, ஒரு நாளுக்கும் மேலாக நீந்தி, தமிழ்நாட்டின் கோடியக்கரையில் கரையேறினார். இன்று ‘பாக்கு நீரிணை நீச்சல்’ என்று செய்தியில் வருவது பெரும்பாலும் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான பாதை. அது நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். நவரத்தினசாமி போன வடக்குப் பாதை அதன் இரண்டு மடங்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘இத்தனை மணித்தியாலத்தில் கடந்தார்’ என்று இரண்டு பேரை ஒப்பிடுவது, பக்கத்து ஊருக்கு நடந்தவரையும் கதிர்காமத்துக்கு நடந்தவரையும் ஒரே தராசில் வைப்பது போன்றது.

பிறகு 1966இல் இந்தியாவின் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் அதே பாதையில் போகவும் வரவும் சேர்த்து 51 மணித்தியாலங்களில் நீந்தினார். ஆழிக்குமரன் என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. ஆனந்தன் ஒரு விசித்திரமான மனிதர். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றவர், பல நாட்கள் இறங்காமல் சைக்கிள் ஓடியவர், கின்னஸ் புத்தகத்தில் பல பக்கங்களில் பெயர் இருந்தவர். இவற்றில் சிலதை விளையாட்டு என்று சொல்லலாமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் கடலில் அவர் செய்தது சந்தேகத்துக்கு இடமில்லாத வீரம். 1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது.

ஆனந்தனின் இருவழிச் சாதனை ஐம்பது வருடங்கள் அசையாமல் இருந்தது. 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலம் 19 நிமிடங்களில் போய்த் திரும்பி அதை முறியடித்தார். அவர் விமானப்படைக்காரர். விமானப்படையின் கல்லூரி எங்கள் சீனன்குடாவில்தான் இருக்கிறது என்பதால் ஊரில் சிலர் அதை எங்கள் கணக்கிலும் எழுதிக்கொண்டார்கள். எழுதட்டும். 2024 மார்ச்சில் திருகோணமலை நகரப் பாடசாலை மாணவன் ஒருவன், பதின்மூன்று வயதில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்தபோதோ கணக்கு எழுதவே தேவை இருக்கவில்லை. மாலை, பட்டாசு, ஊர்வலம் எல்லாம் நடந்தன. அந்தப் பிள்ளை எங்களுடைய பிள்ளை.

இந்த நீச்சல் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாக்கு நீரிணை ஆழமான கடல் அல்ல. பல இடங்களில் சில மீற்றர் ஆழம்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன; இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்வது இதைத்தான். ஒரு பக்கம் பாக்கு விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு பக்கத்து நீரும் இந்தத் திட்டுகளின் இடைவெளிகளால் மாறிமாறிப் பாய்கிறது. கிழக்கிலிருந்து மேற்காகவோ மேற்கிலிருந்து கிழக்காகவோ நீந்துகிறவரை அந்த நீரோட்டம் விலாவில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வரைபடத்தில் 30 கிலோமீற்றர் என்றால் கையால் வலிக்கும் தூரம் அதைவிடக் கூட.

காலம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வாடை ஓய்ந்து, சோளகம் எழும்பும் முன், மார்ச் - ஏப்ரல் மாதங்களில் கடல் கொஞ்சம் அமர்ந்திருக்கும். செய்திகளில் வரும் நீச்சல்கள் பலவும் இந்த இரண்டு மாதங்களுக்குள் விழுவதற்குக் காரணம் அதுதான். உடம்பில் கிறீஸ் போன்ற ஒன்றைப் பூசிக்கொள்வார்கள். உப்பும் உராய்வும் தோலை உரித்துவிடாமல் இருக்க. கூட ஒரு படகு வரும், ஆனால் அதைத் தொடக்கூடாது. விரல் பட்டாலும் நீச்சல் முடிந்தது. குடிக்கவும் தின்னவும் படகிலிருந்து கயிற்றிலோ கோலிலோ நீட்டுவார்கள். நின்ற நிலையில் காலால் துழாவிக்கொண்டே விழுங்க வேண்டும். சொறி முட்டை பட்டால் எரியும், பட்ட இடம் தடிக்கும். இவ்வளவுக்கும் மேல் இரண்டு நாடுகளின் கடற்படைகளிடமும் அனுமதி வாங்க வேண்டும். நவரத்தினசாமி நீந்தியபோது அந்தக் கடலில் கோடு கிடையாது. 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகுதான் கோடு வந்தது.

இவர்கள் எல்லோரும் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. விளையாட்டு என்று ஒன்று வரும் முன்னரே கடல் இங்கே தொழிலாக இருந்தது. மன்னார்ச் சலாபத்தில் முத்துக் குளித்தவர்கள், யாழ்ப்பாணக் கடலிலும் மன்னாரிலும் சங்கு குளித்தவர்கள், மூச்சை அடக்கும் வித்தையைத் தகப்பனிடமிருந்து கற்றார்கள். கல்லைக் காலில் கட்டி இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிக்கிறவர் மைத்துனராக இருக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது கவனமாக இருப்பார் என்பது அந்தத் தொழிலில் சொல்லப்படும் நியாயம். சுறா வராமல் மந்திரம் போடும் ‘கடல்கட்டி’ இல்லாமல் முத்துக்குளிப்பு தொடங்காத காலமும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் அதைச் சிரித்துக்கொண்டே குறித்துவைத்தார்கள். ஆனாலும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள்.

எங்கள் திருகோணமலையின் பெருமைக்குரிய மரபுரிமை ஒன்றையும் மேலே கொண்டுவந்தது நீரில் இறங்கத் தெரிந்தவர்கள்தான். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது, ஒரு பகுதி மலையின் கீழே கடலுக்குப் போனது. முந்நூறு வருடங்களுக்கு மேல் அது வெறும் கதையாகவே இருந்தது. 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது கோயிலின் விக்கிரகங்கள் சில வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி சுவாமி மலையின் அடியில் இறங்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார். இலிங்கம் ஒன்றும் எடுக்கப்பட்டது. அவருடைய நண்பரும் எழுத்தாளருமான ஆதர் சி. கிளார்க்கும் அந்தக் கடலில் சுழியோடி, அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1963இல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது கடலிலிருந்து வந்த இலிங்கம் உள்ளே இருந்தது. விளையாட்டையும் மரபுரிமையையும் இரண்டு அமைச்சுகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். சுவாமி மலைக்குக் கீழே அப்படி ஒரு பிரிவு இல்லை.

இன்றும் எங்கள் மாவட்டத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது கல்லுக்குப் பதிலாகக் காற்றுச் சிலிண்டர். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் அடைத்துக்கொள்ளும். அதனால் கால் விளங்காமல் போவதும் உண்டு. இவர்களுடைய திறமைக்கு எந்தப் பதக்கமும் இல்லை. காப்புறுதியாவது ஒழுங்காக இருந்தால் நல்லது.

இவ்வளவையும் மகளுக்குச் சொல்லி முடித்தபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “அப்ப குறிஞ்சாக்கேணியில ஏன் அந்தப் பிள்ளையள் நீந்தேல்ல?” என்று கேட்டாள்.

குறிஞ்சாக்கேணி எங்களுக்கு எட்டாத இடம் அல்ல. சீனன்குடாவிலிருந்து கிண்ணியா வீதியில் போய், பெரிய பாலத்தைக் கடந்தால் கிண்ணியா. 2009 ஒக்டோபரில் அந்தப் பாலம் திறக்கும் வரை நாங்கள் ‘பாதை’யில்தான் போய்வந்தோம். வெளியூர் வாசகர்களுக்கு: கிழக்கில் ‘பாதை’ என்றால் தெரு மட்டும் அல்ல; வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்தும் மிதப்புக்கும் அதே பெயர். 396 மீற்றர் நீளமான பாலம், நாட்டிலேயே நீளமானது என்று திறந்தபோது பெருமையோடு சொன்னார்கள். அதற்குச் சற்று உள்ளே, குறிஞ்சாக்கேணியில், இன்னொரு பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் படகுப் பாதையையே நம்பியிருந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூடம் போகும் நேரம், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் சீருடை போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

பாதுகாப்பு அங்கிகள் இல்லாதது, அளவுக்கு மேல் ஏற்றியது, பாலம் தாமதமானது, யார் அனுமதி கொடுத்தது என்றெல்லாம் அப்போது நிறையப் பேசினோம். டயர் எரித்தோம். அவை எல்லாம் பேச வேண்டியவைதான். பிள்ளைகள் நீந்தத் தெரியாததுதான் காரணம் என்று சொல்லி அதிகாரிகளின் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் மகள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. கரைக்கு அவ்வளவு பக்கத்தில், ஓடு நீரும் குளமும் கடலும் சூழ்ந்த ஊரில், ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்தால் இரண்டு நிமிடமாவது மேலே கிடக்க ஏன் பழக்கப்படவில்லை?

நீரில் மூழ்கி இலங்கையில் ஆண்டுதோறும் இறப்பவர்கள் சுமார் 700 முதல் 800 பேர். உலகம் முழுவதும் 2021இல் மூன்று இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பஸ் விபத்துப் போல இவை ஒரே நாளில் நடப்பதில்லை. இங்கே ஒரு கிணறு, அங்கே ஒரு குளம், சுற்றுலா போன இடத்தில் ஓர் ஆறு. ஒவ்வொன்றும் உள்ளூர்ச் செய்தியாக வந்து மறைந்துவிடும்.

மூழ்குவதைப் பற்றி எங்களுக்கு இருக்கும் படம் சினிமாப் படம். கையைத் தூக்கி, “காப்பாத்துங்கோ” என்று கத்துவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் மூழ்குகிறவர் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த அரை நொடியில் மூச்செடுக்கத்தான் உடம்பு பார்க்கும். குரலுக்கு மிச்சம் இருக்காது. சிறு பிள்ளை என்றால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம், பத்தடி தள்ளி நிற்கும் தாய்க்குத் தெரியாமலே.

கையைத் தூக்குவதும் ஆபத்துத்தான். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது மனித உடம்பு தண்ணீரைவிட மிகக் கொஞ்சமே இலேசானது. உப்புத் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சாதகம். அதாவது உடம்பில் ஒரு சிறு பகுதிதான் மேலே நிற்கும். அந்தச் சிறு பகுதி மூக்கும் வாயுமாக இருந்தால் உயிர் பிழைக்கும். கையாக இருந்தால் பிழைக்காது. தலை நாலைந்து கிலோ பாரம். அதை நிமிர்த்திப் பிடிக்கப் பார்த்தால் கால் கீழே போகும், உடம்பு கம்பம் போல் செங்குத்தாகி இறங்கும். மல்லாந்து, காது நனையத் தலையைத் தண்ணீரில் சாய்த்து, கைகளை விரித்துக் கிடந்தால் தண்ணீரே தாங்கும். பயம் வந்தவர் செய்ய நினைப்பதற்கு நேர் எதிரான செயல் இது. அதனால்தான் இதை முன்கூட்டியே பழக வேண்டியிருக்கிறது. மாமா அண்ணனுக்குப் பழக்கியபோது கரையில் இருந்த எனக்கும் கேட்டது இதுதான்: “டேய், கையைத் தூக்காத. வானத்தைப் பார்.”

அவர் என்னை ஏன் கூப்பிடவில்லை? அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அப்போது பாவாடை சட்டையோடு இருந்தேன். நனைந்தால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும், அந்தச் சின்ன வயதில் எனக்கே தெரியும். தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் சிங்கள வீடானாலும் எங்கள் கரையில் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பாதிக்கப்பட்ட பல ஊர்களில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம் என்று காட்டியது. நீச்சலும் மரம் ஏறுவதும் இலங்கையில் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றன என்பதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அதை வாசித்தபோது அந்தச் சாரமும் செருப்பும்தான் என் கண்ணுக்குள் வந்தன.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? நெதர்லாந்து கால்வாய்களின் நாடு. அங்கே சிறு பிள்ளைகள் முதல் நீச்சல் சான்றிதழுக்கான சோதனையில் உடுப்பும் சப்பாத்தும் போட்டபடி தண்ணீரில் இறங்கி நீந்திக் காட்ட வேண்டும். காரணம் வெகு எளிது: கால்வாயில் விழுகிற பிள்ளை நீச்சல் உடை போட்டுக்கொண்டு விழுவதில்லை. குறிஞ்சாக்கேணியை நினைத்துக்கொண்டு இதை யோசித்தால், எங்கள் பக்கத்தில் தடையாகச் சொல்லப்படும் உடுப்பே பாடமாக மாறிவிடுகிறது. சீருடையோடு, சல்வாரோடு, பர்தாவோடு மிதக்கப் பழகுவதுதான் எங்களுக்கு வேண்டிய நீச்சல்.

பங்களாதேஷ் எங்களைவிட ஏழை நாடு, தண்ணீர் எங்களைவிடக் கூட. அங்கே கிராமத்துக் குளங்களில் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, ஊரிலிருந்தே பயிற்றுநர்களை எடுத்து, பிள்ளைகளுக்கு உயிர்காப்பு நீச்சல் பழக்குகிறார்கள். குறிப்பிட்ட தூரம் நீந்துவது, அரை நிமிடம் மிதப்பது, மூழ்குகிறவருக்குக் கரையிலிருந்து கோலை நீட்டுவது, இவ்வளவுதான் பாடம். இப்படிப் பழகிய பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் மரணம் வெகுவாகக் குறைந்தது என்று ஆய்வுகள் காட்டின. 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக ஐ.நா. அறிவிப்பதற்கான தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் பங்களாதேஷும் ஒன்று.

எங்கள் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. தெற்கே வெலிகமவில் சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கென்றே நீச்சல் பழக்கும் திட்டம் ஒன்று நடந்தது. பழகிய பெண்களே பிறகு பயிற்றுநர்களானார்கள். எங்கள் மாகாணத்திலேயே அறுகம்குடாவில் 2018இல் பெண்களுக்கான அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கியது. ஊர் வாய்க்குப் பயந்து தொடங்காமல் விடவில்லை அவர்கள்.

நீச்சல் என்றதும் எங்கள் அரசியல்வாதிகளுக்கு நீச்சல் தடாகம்தான் ஞாபகம் வருகிறது. அடிக்கல், திறப்புவிழா, பெயர்ப்பலகை எல்லாம் தடாகத்தில்தான் வைக்கலாம். தடாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் ஏழு தங்கம் வென்ற மத்தியூ அபேசிங்க போன்ற ஒருவர் உருவாக, அளந்து கட்டிய தடாகமும் நேரம் பிடிக்கும் கடிகாரமும் வேண்டும். ஆனால் நவரத்தினசாமி தடாகத்தில் பழகியவர் இல்லை. பிள்ளை உயிரோடு கரைசேர அலையில்லாத, இடுப்பளவு தண்ணீர் உள்ள ஒரு கரைத்துண்டு போதும். அது சீனன்குடாவில் தாராளமாக இருக்கிறது. துறைமுகத்தின் உள்குடாக்களில் பல இடங்களில் வெளிக்கடலின் அலை நுழைவதே இல்லை.

சிக்கல், அந்தக் கரையின் பல துண்டுகள் முட்கம்பிக்கு உள்ளே இருப்பதுதான். விமானப்படை, கடற்படை, எண்ணெய்க் குதங்கள், ஆலைகள். ஆனந்தனின் சாதனையை முறியடித்தவர் விமானப்படைக்காரர். வெள்ளம் வந்தால் எங்களைத் தூக்கி எடுப்பவர்கள் கடற்படையினர். உயிர்காக்கப் பழகியவர்கள் கம்பிக்கு உள்ளே, உயிர்காக்கப் பழக வேண்டிய பிள்ளைகள் கம்பிக்கு வெளியே. கிழமைக்கு ஒரு காலை, இரண்டு மணித்தியாலம், ஒரு கயிறு கட்டிய கரை, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர்கள், ஒரு மறைப்பு. ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் செய்ய ஆகும் செலவு, ஒரு வரவேற்பு ஊர்வலத்தின் பட்டாசுச் செலவைவிடப் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் மதிப்பீடு மட்டும்தான். கணக்குத் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

மகளின் ஒப்படையில் கடைசியில் நவரத்தினசாமியும் ஆனந்தனும் எதிர்வீரசிங்கமும் சேர்ந்தார்கள். குறிஞ்சாக்கேணியையும் எழுதட்டுமா என்று கேட்டாள். அது சாதனை இல்லையே என்றேன். பிறகு யோசித்துவிட்டு, எழுது என்றேன்.

இரண்டு மாதமாகச் சனிக்கிழமை காலையில் அண்ணன் எங்கள் இருவரையும் கரைக்குக் கூட்டிப்போகிறார். மகள் பாடசாலையின் பழைய சீருடையோடு, நான் சல்வாரோடு. சாரத்துக்கும் செருப்புக்கும் காவல் யாரும் இல்லை. ஒரு கல்லை வைத்துவிட்டு இறங்குகிறோம். “தங்கச்சி, தலையை விடு. காது நனைஞ்சா ஒண்டும் ஆகாது” என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போன கிழமை இருபத்து மூன்று எண்ணும் வரை மிதந்தேன். மகள் நூறைத் தாண்டிவிட்டாள்.